விதையும் நிலமும்: புற்றுநோய் ஆய்வின் சொல்லாடல் குறித்து

1

நம்முடைய மேடைகளில் அடிக்கடி அடிபடுகிற வாக்கியம் ஒன்று உண்டு. 'சாதி இந்தச் சமூகத்தைப் பிடித்த புற்றுநோய். அதை வெட்டியெறிய வேண்டும்.' சாதி என்கிற இடத்தில் ஊழல், மதவெறி, நுகர்வுப் பண்பாடு என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு மேடையிலும் இதே வாக்கியம்தான் ஓடுகிறது. அங்கே அந்த இடத்தில் அகதிகள் இருப்பார்கள், சிறுபான்மையினர் இருப்பார்கள், போராடப் போனவர்கள் இருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து யார்மேல் வேண்டுமானாலும் வீசுகிற மாதிரி ஓர் உருவகம் கிடைக்கிறதென்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த வாக்கியம் மூன்று விஷயங்களைச் சொல்லாமலே நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறது. உடம்பு அடிப்படையில் நல்ல உடம்பு. கெட்டது தனியாக, ஓரிடத்தில், எல்லைகட்டிக் காட்டும்படியாக இருக்கிறது. கத்தி பிடித்திருப்பவனுக்கும் கட்டிக்கும் எந்த உறவும் இல்லை. மூன்றையும் மேடைக்காரர்கள் தாமாகக் கற்பித்துக்கொள்ளவில்லை. புற்றுநோய் எப்படித் தோன்றுகிறது, எப்படி வளர்கிறது, எப்படிப் பரவுகிறது என்று நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக ஆய்வுக்கூடங்கள் சொல்லிவரும் கதையின் ஒரு பகுதி, அறுந்து வந்து நம் வாயில் விழுந்திருக்கிறது. அதே ஆய்வுக்கூடங்கள் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கட்டவிழ்த்துக்கொண்டும் இருந்திருக்கின்றன. அந்தப் பகுதி மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சூசன் சொன்டாக் 1978-இல் 'நோய் ஓர் உருவகமாக' என்ற நூலை எழுதினார். அவரே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். நூலில் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. நோயை உருவகங்களிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அவர் வாதம். நோயாளியின் படுக்கையருகே நின்று பார்த்தால் இது நியாயமான வாதம். ஆனால் ஆய்வுக்கூடத்தின் மேசையருகே நின்றால் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. எந்தச் சோதனையைச் செய்வது, எந்தப் பிராணியின் உடம்பில் எதைப் பூசுவது என்பதை உருவகமே முடிவு செய்திருக்கிறது. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். நுண்ணோக்கியில் கண் வைத்தவனில்லை. ஆனால் ஆய்வுக்கட்டுரையும் ஒரு பிரதிதான். அதற்கும் கதாபாத்திரங்கள், குற்றவாளி, காவலன், முடிவு எல்லாம் உண்டு.

2

பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் புற்றுநோய்க்குத் தரப்படும் இலக்கணத்தைக் கவனியுங்கள். 'செல்கள் கட்டுப்பாட்டை மீறிப் பெருகுவதே புற்றுநோய்.' கட்டுப்பாடு என்கிற சொல் நமக்கு எங்கிருந்து வருகிறது? ஊர்க்கட்டுப்பாடு, சாதிக்கட்டுப்பாடு. ஊர்க்கட்டுப்பாட்டை மீறினவன் கதி என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும். தள்ளிவைப்பார்கள், நெருப்புத் தண்ணி கிடையாது. மரபணுவில் ஏற்படும் மாற்றத்தைப் பள்ளிப் பாடப்புத்தகம் 'சடுதிமாற்றம்' என்கிறது. திடீரென மாறியது, அவ்வளவுதான். அதில் நல்லது கெட்டது இல்லை. பத்திரிகைக்கு வரும்போது அதுவே 'பிறழ்வு' ஆகிவிடுகிறது. ஒழுக்கம் தவறியவர்களுக்கும் மனநோயாளிகளுக்கும் நாம் வைத்திருக்கும் சொல்!

தமிழ்தான் இப்படிச் செய்கிறது என்றில்லை. மேலைநாட்டு ஆய்வுமொழியும் காவல்நிலைய மொழிதான். பி53 என்கிற புரதத்துக்கு 1992-இல் 'மரபணுத் தொகுதியின் காவலன்' என்று பட்டம் கொடுத்தார்கள். செல் பெருக்கத்தைத் தடுக்கும் மரபணுக்கள் 'அடக்கிகள்'. உடலின் எதிர்ப்பாற்றல் செய்வது 'கண்காணிப்பு'. கட்டி பக்கத்துத் திசுவுக்குள் நுழைவது 'படையெடுப்பு'. வேறோர் உறுப்பில் போய் வளர்வது 'குடியேற்றம்'. 1971 டிசம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது இதற்குப் 'புற்றுநோய்மீதான போர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தக் கதையாடலின் தொடக்கத்தில் இருப்பவர் ஓர் அரசியல்வாதி என்பது பலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். ருடால்ஃப் விர்ஷோ. 1848-இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் கொள்ளைநோய் பரவியபோது பிரஷ்ய அரசு அவரை விசாரிக்க அனுப்பியது. போனவர் பசியையும் நிர்வாகத்தையும் குற்றம்சாட்டி, மருந்தாக ஜனநாயகத்தையும் கல்வியையும் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அதே ஆண்டு பெர்லின் புரட்சியில் பங்குகொண்டார். 1849-இல் வேலை பறிபோனது. பிற்பாடு பிஸ்மார்க்கை எதிர்த்து நாடாளுமன்றத்தில் பேசியவரும் இவரே. செல்லிலிருந்தே செல் பிறக்கிறது, நோய் செல்லில்தான் குடிகொள்கிறது என்ற கோட்பாட்டை நிலைநாட்டிய 'செல் நோயியல்' 1858-இல் வந்தது.

விர்ஷோவுக்கு உடல் என்பது ஒரு குடியரசு. செல்கள் குடிமக்கள், திறமையில் சமமில்லை, உரிமையில் சமம். முடியாட்சிக்கெதிரான ஒருவரின் உடற்கூறியல் இது. ஆனால் குடியரசு என்று ஒப்புக்கொண்ட கணத்தில் குற்றவாளிக் குடிமகனுக்கும் இடம் வந்துவிடுகிறது. பின்னால் வந்தவர்கள் விர்ஷோவின் குடியரசை விட்டுவிட்டு அவனை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். சைலீசியாவில் குடிமகனைக் குற்றம் சொல்லாமல் அவன் வாழ்ந்த நிலைமையைக் குற்றம் சொன்ன விர்ஷோ, கட்டிகளைப் பற்றியும் ஏறக்குறைய அதே பாணியில்தான் யோசித்தார். திசுவுக்கு இடைவிடாமல் நேரும் உறுத்தலே புற்றுக்குக் காரணம் என்பது அவர் கருத்து. 1863-இல் கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதைக் கண்டு, நாட்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பிருக்கிறது என்றார். இதை நூறாண்டுக்கு மேல் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை.

3

உறுத்தலின் சரித்திரம் விர்ஷோவுக்கும் முந்தியது. 1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் ஆட்களுக்கு விதைப்பையில் வரும் புற்றைப் பற்றி எழுதினார். சின்னஞ்சிறு பையன்களை ஒடுங்கிய புகைபோக்கிகளுக்குள் ஏற்றிவிடுவார்கள். கரி தோல்மடிப்பில் தங்கும். வளர்ந்த பிறகு புண் வரும். தொழிலொன்று புற்றுநோயைத் தருகிறது என்று சொன்ன முதல் பதிவாக இதைக் கொள்கிறார்கள். 1788-இல் வந்த சட்டம் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக்கூடாது என்றது. எட்டு வயசானால் ஏறலாம்!

பாட் கண்டதை ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்திக்காட்ட நூற்று நாற்பது வருடங்கள் பிடித்தன. செய்தவர்கள் லண்டன்காரர்களோ பெர்லின்காரர்களோ இல்லை. டோக்கியோவைச் சேர்ந்த யமாகிவா கட்சுசபுரோவும் கால்நடை அறிவியலாளர் இச்சிகாவா கோயிச்சியும். யமாகிவா பெர்லினில் விர்ஷோவிடம் பயின்றவர். உறுத்தல் கோட்பாடு உண்மையென்றால் உறுத்தி உறுத்தியே புற்றை உண்டாக்க முடிய வேண்டுமே என்பது அவர் கணக்கு. முயல்களின் காதில் நிலக்கரித் தாரைப் பூசினார்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, மாதக்கணக்காக. மற்றவர்கள் சீக்கிரமே கைவிட்ட சோதனை இது. 1915-இல் அவர்கள் அறிவித்தார்கள்: காதில் புற்று வந்துவிட்டது.

1926-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு, புழுக்களைக் கொண்டு எலியின் இரைப்பையில் புற்றை உண்டாக்கினேன் என்ற டென்மார்க்கின் யொஹானஸ் ஃபிபிகருக்குப் போனது. அந்த முடிவு தவறு என்று பிற்பாடு தெரியவந்தது. யமாகிவாவுக்குப் பரிசு கிடைக்கவே இல்லை. மையம்/விளிம்பு பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று, இதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யமாகிவாவின் சோதனையில் குற்றவாளிச் செல் என்று யாருமே இல்லை. தார் இருக்கிறது, தோல் இருக்கிறது, பொறுமையான ஒரு கை இருக்கிறது. மறுபடி மறுபடி நிகழும் ஒரு செயல் இருக்கிறது. 1933-இல் லண்டனில் கென்னவேயின் குழு இரண்டு டன் தார்க்கசடைக் காய்ச்சி வடித்து, புற்றை உண்டாக்கும் பென்சோபைரீன் என்கிற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. புகைபோக்கிப் பையன்களின் கரியிலும், பிற்பாடு சிகரெட் புகையிலும் இருந்தது அதுதான்.

4

கதை எங்கே திரும்புகிறது? ஒரு கோழியிடம்.

1911-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் பெய்டன் ரவுஸ், பண்ணைக்கோழி ஒன்றின் கட்டியை அரைத்து, செல்லே புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. புற்றுக்குக் காரணம் ஒரு வைரஸ்! அன்றைக்கு யாரும் நம்பவில்லை. 55 வருடம் கழித்து, 1966-இல், தமது 87-ஆவது வயதில் ரவுஸ் நோபல் பரிசு வாங்கினார். அதற்குள் வெளியாளைத் தேடும் வேட்டை மும்முரமாகிவிட்டது. நிக்சனின் போர்ப் பணத்தில் கணிசமான பங்கு வைரஸைத் தேடத்தான் போனது.

1976-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டெஹெலின், வார்மஸ், பிஷப், ஃபோக்ட் ஆகியோர் ரவுஸ் வைரஸிலிருந்த புற்று மரபணுவின் மூலத்தைத் தேடிப் போனார்கள். அது நோயில்லாத சாதாரணக் கோழியின் செல்லில் இருந்தது. காடையில், வான்கோழியில், ஈமுவில் இருந்தது. மனிதர்களிடமும் இருப்பது பிறகு தெரிந்தது. வைரஸ் கொண்டுவந்ததாக நினைத்த மரபணுவை வைரஸ்தான் என்றைக்கோ கோழியிடமிருந்து எடுத்துப்போயிருக்கிறது. வெளியாள் என்று துரத்திப்போனவன் நம் வீட்டிலேயே, அன்றாட வளர்ச்சிக்கு வேண்டிய வேலையைப் பார்த்துக்கொண்டு குடியிருக்கிறான். அகம்/புறம் என்ற இருமை எதிர்வை இதைவிடச் சுத்தமாக யாரும் கட்டவிழ்த்ததில்லை. (1989-இல் பிஷப்புக்கும் வார்மஸுக்கும் நோபல் கிடைத்தபோது, கையால் வேலை செய்த என்னை விட்டுவிட்டீர்களே என்று ஸ்டெஹெலின் வெளிப்படையாகச் சண்டைபோட்டார். அது தனிக்கதை.)

இப்படிப்பட்ட கண்டுபிடிப்பு வந்த பிறகு உருவகம் மாறியிருக்க வேண்டுமல்லவா? மாறியது, ஆனால் பாதிதான். வெளியாள் போய் உள்ளிருந்தே கெடுப்பவன் வந்தான். எதிரி போய்த் துரோகி. 1990-இல் ஃபியரனும் ஃபோகல்ஸ்டைனும் பெருங்குடல் புற்று படிப்படியாக வளர்வதை ஒரு வரைபடமாகத் தந்தார்கள். ஒரு மரபணு கெட்டால் சிறு கட்டி, இன்னொன்று கெட்டால் பெரிய கட்டி, பி53-உம் போனால் புற்று. அதில் நிறைய உண்மை இருக்கிறது. கூடவே அது ஒரு பழைய நாவலின் கட்டமைப்பும்கூட: நல்ல குடும்பத்துப் பிள்ளை, முதல் தப்பு, இரண்டாம் தப்பு, வீழ்ச்சி. நாவலில் பின்னணி இருக்கும். இந்த வரைபடத்தில் பின்னணி வெள்ளைக் காகிதம்.

வெள்ளைக் காகிதம் யாருக்கு வசதி? இங்கே ஒரு சரித்திரத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1953-இல் வைண்டரும் கிரஹாமும் சிகரெட் புகையிலிருந்து எடுத்த தாரை எலிகளின் முதுகில் பூசினார்கள் (யமாகிவாவின் கை!). 44 சதவீத எலிகளுக்குப் புற்று வந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பெனி முதலாளிகள் நியூயார்க் விடுதியொன்றில் கூடினார்கள். 1954 ஜனவரி 4-இல் நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில், உண்மையைக் கண்டறிய நாங்களே ஆய்வுக்குப் பணம் தருகிறோம் என்று விளம்பரம் வந்தது. அந்த ஆய்வுக்குழுவுக்கு அறிவியல் இயக்குநராக வந்தவர் கிளாரன்ஸ் குக் லிட்டில். 1929-இல் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தை நிறுவியவர். தலைமுறை தலைமுறையாக உள்கலப்பில் வளர்த்த எலிவகைகளைப் புற்றுநோய் ஆய்வுக்குத் தந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு. புற்று என்பது முக்கியமாகப் பரம்பரையில் இருக்கிறது என்று நம்பியவர். சிகரெட் கம்பெனிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? குற்றம் உன் செல்லில் இருக்கிறது, உன் அப்பன் பாட்டனிடம் இருக்கிறது. எங்கள் புகையில் இல்லை.

லிட்டில் காசுக்காகப் பொய் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. நம்பித்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. அதிகாரத்துக்கு எப்போதும் பொய் தேவைப்படுவதில்லை. நிஜத்தின் ஒரு பாதி, சரியான இடத்தில் பணத்தோடு நிறுத்தப்பட்டால் போதும்.

5

மறுபாதி ஆய்வுக்கூடங்களிலேயே இருந்தது. ஓரமாக.

1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைப் பார்த்தார். புற்று கண்ட இடத்தில் பரவியிருக்கவில்லை. ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் ரத்தம் போகத்தான் செய்கிறது. ஆனால் புற்று ஈரலில் தங்கிய அளவு மண்ணீரலில் தங்கவில்லை. விதை எல்லாத் திக்கிலும் பறக்கும், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்றார் அவர். போர்க்களத்துக்குப் பதிலாக ஒரு வயல். திணை என்ற கருத்தாக்கத்தை வைத்து இரண்டாயிரம் வருடம் கவிதை எழுதியவர்களுக்கு இது புரியாமல் போகாது. நிலமில்லாமல் உரிப்பொருள் இல்லை.

1940-களில் ஆக்ஸ்ஃபோர்டில் பெரன்பிளம் செய்த சோதனையில் நமக்குத் தெரிந்த ஒரு சரக்கு வருகிறது: நேர்வாளம். சித்த வைத்தியத்தில் பேதிக்குக் கொடுப்பது. சுத்தி செய்யாமல் கொடுத்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்பார்கள். புற்றை உண்டாக்கும் வேதிப்பொருளை எலித்தோலில் ஒரே ஒருமுறை, சிறிதளவு பூசினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நேர்வாள எண்ணெயை மட்டும் பூசினால் தோல் எரிந்து சிவக்கும், புற்று வராது. முதலில் அதைப் பூசி, பிறகு இதைத் திரும்பத்திரும்பப் பூசினால் கட்டிகள் வந்தன. வாரக்கணக்கில் இடைவெளி விட்டாலும் வந்தன. வரிசையை மாற்றிப் பூசினால் வரவில்லை. முதலாவது செல்லில் ஒரு மாற்றத்தை எழுதிவைக்கிறது; அது சும்மா கிடக்கிறது. அதை எழுப்பிவிடுவது உறுத்தல். விர்ஷோ சொன்னது பாதி சரி, செல்லைக் குற்றம் சொன்னவர்கள் சொன்னது பாதி சரி.

1984-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஈரானில் பிறந்த மினா பிஸ்ஸலும் அவருடைய மாணவர் டோல்பெர்கும் ரவுஸின் அதே வைரஸை முட்டைக்குள் இருக்கும் கோழிக்கருவுக்குள் செலுத்தினார்கள். வைரஸ் பரவியது, புற்று மரபணு வேலை செய்தது, கட்டி மட்டும் வரவில்லை. அடுத்த வருடம் இன்னொரு சோதனை. பொரித்த குஞ்சின் ஒரு இறக்கையில் வைரஸை ஊசிபோட்டால் அங்கே கட்டி வரும். மறு இறக்கையில் ஒரு காயம் மட்டும் உண்டாக்கினால் அங்கேயும் கட்டி வந்தது. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்ததற்கு ஊசிக்காயமும் ஒரு காரணம். 1997-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில், மார்பகப் புற்றுச் செல்களைச் சுற்றுப்புறத்தோடு இணைக்கும் ஒரு புரதத்தை மறித்தபோது, மரபணு மாற்றங்கள் அத்தனையும் அப்படியே இருக்க, செல்கள் இயல்பான திசு போல ஒழுங்காக அடுக்கிக்கொண்டு பெருகுவதை நிறுத்தின. துரோகி என்று தீர்ப்பெழுதப்பட்டவன் வேறு அக்கம்பக்கத்தில் விட்டால் துரோகம் செய்யவில்லை.

அடுத்த அடி 2015-இல் விழுந்தது. அறுவை சிகிச்சையில் அகற்றிய நான்கு பேரின் கண்ணிமைத் தோலை, கட்டி எதுவுமில்லாத வெறும் தோலை, இங்கிலாந்தில் மார்ட்டின்கொரேனாவின் குழு வரிசைப்படுத்திப் பார்த்தது. கால்வாசிக்கும் மேற்பட்ட செல்களில் புற்றுக்குக் காரணமென்று நாம் பட்டியல் போட்டுவைத்திருக்கும் மாற்றங்கள் இருந்தன. 2018-இல் உணவுக்குழாயைப் பார்த்தார்கள். 'நாட்ச்1' என்ற மரபணுவின் மாற்றம் புற்றுக்கட்டிகளில் இருப்பதைவிட நோயற்ற உணவுக்குழாயில் அதிகமாக இருந்தது. நம்மில் நடுவயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் இப்படிப்பட்ட செல்களோடுதான் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். சுத்தமான உடம்பு என்று ஒன்று இல்லை. 'இயல்பு' என்பதை வரையறுக்க நிறுத்தப்பட்ட வேலியின் இரண்டு பக்கமும் ஒரே ஆட்கள்.

அப்படியானால் புற்று எப்போது வருகிறது? 2023-இல் லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சுவான்டன் குழு, புகைபிடிக்காதவர்களுக்கு வரும் ஒருவகை நுரையீரல் புற்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. இங்கிலாந்து, தென்கொரியா, தைவான் மூன்றிலிருந்தும் சுமார் 33,000 நோயாளிகளின் விவரங்கள். காற்றில் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த தூசி கூடக்கூட அந்தப் புற்றும் கூடியது. தூசி போய் மரபணுவைக் கெடுக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆரோக்கியமான நுரையீரல் மாதிரிகளில் 18 சதவீதத்தில் ஒரு புற்று மரபணு மாற்றமும், 53 சதவீதத்தில் இன்னொன்றும் ஏற்கெனவே கிடந்தன. தூசி உள்ளே போனதும் அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் ஓர் அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன. தூங்கிக்கிடந்த செல்களை அது எழுப்பிவிடுகிறது. எலிகளில் அந்தப் பொருளை மறித்தபோது புற்று குறைந்தது. பெரன்பிளமின் நேர்வாள எண்ணெய் இருந்த இடத்தில் இப்போது டீசல் புகை. பாட் பார்த்த கரியும் லண்டன் காற்றில்தான் இருந்தது.

6

நிலம் என்றால் ஆய்வுக்கூடமே நின்றுகொண்டிருக்கும் நிலத்தையும் கேட்க வேண்டும். 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமல், துண்டு எடுக்கப்பட்டது. வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர். அக்டோபர் 4-இல் இறந்துபோனார். செல்கள் சாகவில்லை. 'ஹீலா' என்ற பெயரில் உலகின் ஆய்வுக்கூடங்களெங்கும் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

1966-இல் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு மனிதர்களிடமிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட 18 செல் வகைகளும் உண்மையில் ஹீலாதான் என்று காட்டினார். எப்படிக் கண்டுபிடித்தார்? கறுப்பினத்தவரிடம் காணப்படும் ஒரு நொதியின் வடிவம் அத்தனையிலும் இருந்தது. கலந்துபோனதற்குக் காரணம் ஆய்வாளர்களின் கைகளும் குழாய்களும். ஆனால் அதற்குப்பின் எழுதப்பட்டவற்றில் ஹீலா 'ஊடுருவுகிறது', 'ஆக்கிரமிக்கிறது'. கேட்காமல் எடுத்தவர்களை விட்டுவிட்டு, எடுக்கப்பட்டவளே அத்துமீறிப் புகுந்தவளாகிறாள்! இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதல்லவே. 2013-இல் ஹீலாவின் மரபணு வரிசை முழுவதும் குடும்பத்தைக் கேட்காமல் மறுபடி வெளியாகி, சண்டையான பிறகே ஓர் உடன்பாடு வந்தது. அந்தச் செல்களால் லாபம் பார்த்த கம்பெனியொன்று குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது 2023-இல்.

கட்சிகட்டுவதற்கு வசதியாக நான் ஒன்றை மறைக்கக்கூடாது. லாக்ஸின் புற்றுக்குப் பின்னால் ஒரு வைரஸ் இருந்தது. 1980-களில் ட்சுர் ஹவுசனின் குழு அதைக் கண்டது. இன்று அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. வெளியாளைத் தேடியது வீண்போகவில்லை. செல்லுக்குள்ளேயே கெட்டுப்போன ஒரு புரதத்தைக் குறிவைத்து இமாட்டினிப் என்ற மருந்து 2001-இல் வந்தது. ஒருவகை ரத்தப் புற்றுக்காரர்கள் வருடக்கணக்கில் உயிரோடிருக்கிறார்கள். எல்லாம் கதையாடல்தானே என்று உதட்டைப் பிதுக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. சடுதிமாற்றம் நிஜம். கீமோ வேண்டாம், பத்தியமிருந்தால் போதும் என்று யாராவது இந்தக் கட்டுரையை வைத்துச் சொன்னால் அது கொலை.

அதே மருந்தின் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலைவைத்த கம்பெனியின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் தள்ளுபடி செய்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வந்து, 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. அதனால்தான் உள்ளூர்க் கம்பெனிகளின் மருந்து பத்தில் ஒருபங்கு விலைக்குக் கிடைத்தது. செல்லை அறிந்தது விஞ்ஞானம். அந்த அறிவு யாருடைய உடம்புக்குப் போய்ச்சேரும் என்பதை நிலம்தான் தீர்மானித்தது.

'நிலம்' என்கிற உருவகத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. நீ மனசை அடக்கி வைத்திருந்தாய், அதனால் புற்று வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொன்டாக் முக்கியமாகக் கோபப்பட்டது இவர்கள்மேல்தான். உன் பழக்கவழக்கம் சரியில்லை என்பதும் இதன் நவீன வடிவமே. நிலத்தைச் சுருக்கிச் சுருக்கி நோயாளியின் நெஞ்சுக்குள் கொண்டுவைத்தால் குற்றவாளி மறுபடி நோயாளியே. புகைபோக்கிக்குள் ஏறிய பையன் அந்தக் கரியைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிலம் என்று நான் சொல்வது பொதுவில் இருப்பதை: காற்று, தண்ணீர், பட்டறை, கூலி.

7

இனி மேடைக்குத் திரும்பலாம். சாதியைப் புற்றுநோய் என்று சொல்வதில் என்ன தப்பு? உருவகம் தப்பில்லை; பழசாகிவிட்டது. ஆரோக்கியமான இந்துச் சமூகத்தில் எங்கிருந்தோ வந்து முளைத்த கட்டி என்று சாதியைப் பேசுவது யாருக்கு வசதி என்று நாம் அறிவோம். ஒரு கலவரத்தில் வெட்டியவனை மட்டும் 'சமூகவிரோதி' என்று தனியே பிரித்துக் காட்டிவிட்டு ஊர் நிம்மதியாகத் தூங்கப்போகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் எல்லோரும் சுத்தம். கண்ணிமைத் தோலில் கண்டதை இங்கே வைத்துப் படித்தால், மாற்றம் அடைந்த செல் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது, பெரும்பாலான நாட்களில் அது சும்மா கிடக்கிறது என்றாகிறது. அதை எழுப்பிவிடும் உறுத்தல் எது, அதைத் தினமும் பூசிக்கொண்டிருக்கும் கை யாருடையது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கட்டியை வெட்டத்தான் வேண்டும். அறுவைக்கு நான் எதிரியில்லை. வெட்டின பிறகும் அதே புகையைச் சுவாசித்தால் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை.

தமிழில் இந்த நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயரையும் கொஞ்சம் கவனிக்கலாம். கிரேக்கர்களுக்கு அது நண்டு; வெளியிலிருந்து வந்து கடித்துப் பிடிக்கிற பிராணி. நமக்குப் புற்று, கறையான் அந்த இடத்து மண்ணையே எடுத்து எழுப்புவது. புற்றை இடிப்பவர்களுக்குத் தெரியும், மேலே தெரிவதை உடைத்துப் போட்டால் மறுபடி எழும்பும். தமிழ் அன்றே கண்டது என்று பெருமை பேச இதைச் சொல்லவில்லை. பெயர் வைத்தவன் பாவம், வீக்கத்தின் வடிவத்தைப் பார்த்து வைத்திருப்பான். அந்தச் சொல்லை இன்று எப்படிப் படிப்பது என்பது நம் பொறுப்பு.

2023 ஆய்வுக்கு இரண்டு வாசிப்புகள் இப்போதே இருக்கின்றன. அழற்சிப் பொருளை மறிக்க ஒரு மருந்து கண்டுபிடிக்கலாம் என்பது ஒன்று. காற்றைச் சுத்தம் செய்யலாம் என்பது இன்னொன்று. முதலாவதற்குக் காப்புரிமை உண்டு, முதலீடு உண்டு. இரண்டாவதற்கு அனல்மின் நிலையங்களோடும் லாரிக் கம்பெனிகளோடும் அரசாங்கத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். வெளிப்புறக் காற்று மாசே புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது 2013-இல். ஆய்வுக்கூடம் தன் பங்குக்கு இரண்டையும் எழுதி மேசைமேல் வைத்துவிட்டது. முதலாவதை வாசிக்க ஆட்கள் தாமாக வருவார்கள். இரண்டாவதை வாசிக்க நம்மைப் போன்றவர்களை விட்டால் ஆளில்லை. அதற்கு முதலில் மருத்துவப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிற பழக்கத்தை நாம் விட வேண்டும்.